வில்லியம்ஸ்போர்ட் ஆற்றோர நடைபாதையில் ஒரு கேச் வைக்க ஆசை: மரக்கட்டைகளின் கதையைச் சொல்லும்படி எப்படி அமைப்பது?

செங்கோட்டைப்பெண் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஜியோகேச்சிங், அதாவது ஜிபிஎஸ் வைத்து யாரோ ஒளித்து வைத்த டப்பாவை (கேச்) தேடும் விளையாட்டு, தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. இதுவரை 43 கேச் கண்டுபிடித்திருக்கிறோம், நானும் என் ஒன்பது வயது மகளும். ஒன்றுகூட நாங்களாக வைத்ததில்லை.

போன மாதம் அப்பா ஊரிலிருந்து வந்தார். நாங்கள் இருப்பது நியூஜெர்சி. ஒரு சனிக்கிழமை மூவருமாக மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் பென்சில்வேனியாவில் இருக்கும் வில்லியம்ஸ்போர்ட் போனோம். சஸ்குவஹானா ஆற்றின் மேற்குக் கிளை ஊரை ஒட்டி ஓடுகிறது. வெள்ளத் தடுப்புக் கரையின் மேலேயே தார் போட்ட நடைபாதை. அங்கங்கே பலகைகளில் அந்த ஊரின் மரத்தொழில் வரலாற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். பலகைகளில் இருந்து எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுக் கடைசி இடத்தைக் கண்டுபிடிக்கிற மல்டி கேச் ஒன்று அங்கே இருந்தது. கணக்கெல்லாம் சரியாக வந்தது. கடைசி இடத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் வந்த நான்கு பேரும் டிஎன்எஃப் (கிடைக்கவில்லை) போட்டிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். மகள் காரில் ஏறியதும் அழுதுவிட்டாள்.

ஆனால் அந்த நாளை அப்பா வேறு மாதிரி வைத்திருக்கிறார். அவர் செங்கோட்டையில் ஒரு மரவாடியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். ஒரு பலகை முன்னால் நின்று நான் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டார். 19ஆம் நூற்றாண்டில் இந்த ஆற்றின் குறுக்கே மரக்கட்டைகளைப் பிடித்து நிறுத்த ஒரு தடுப்பு கட்டியிருந்தார்கள், அதில் ஒரே நேரத்தில் 30 கோடி போர்டு ஃபீட் மரம் நிற்கும் என்று நான் சொன்னதும் நின்றுவிட்டார். "போர்டு ஃபீட்னா என்னம்மா?" ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் என்றேன். விரலை மடக்கினார். "அப்போ பன்னிரண்டு சேர்ந்தா ஒரு கன அடி. ரெண்டரைக் கோடி கன அடி." அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க மரவாடிக்கு வருசம் முழுக்க வந்த தடி இதுல ஒரு மூலைக்குக் காணாது" என்றார்.

இன்னொன்றும் கேட்டார். "இத்தனை பேர் தடியும் ஒரே ஆத்துல வந்தா எது யாருதுன்னு எப்படித் தெரியும்?" ஒவ்வொரு கம்பெனியும் கட்டையின் முனையில் தன் அடையாளத்தைச் சுத்தியலால் அடித்து விடும் என்று எங்கோ படித்திருந்தேன், சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஃபாரஸ்ட் டிப்போவிலிருந்து அவர்களுக்கு வரும் தடியிலும் சுத்தியல் முத்திரை இருக்குமாம். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் பதிவேட்டில் எழுதுவாராம்.

அன்றிலிருந்து ஓர் ஆசை. அந்த நடைபாதையில் நாங்களே ஒரு கேச் வைக்க வேண்டும். அந்த முத்திரைகளின் கதை அதில் வர வேண்டும். மகளுக்குத் தன் பெயரில் ஒரு டப்பா அங்கே இருக்க வேண்டும். உள்ளே கடலைமிட்டாய் வைக்கலாம் என்கிறாள். எங்கே தொடங்குவது? அப்பாவின் ஃப்ளைட் அக்டோபர் கடைசியில்.

---

டப்பாதேடி

முதலில் அந்த டிஎன்எஃப் பற்றி. வரிசையாக நான்கு பேர் கண்டுபிடிக்கவில்லை என்றால் டப்பா போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவறு உங்கள் மகளுடையது இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். இனிமேல் கிளம்பும் முன் தேடியவர்கள் கேச் பக்கத்தில் எழுதிய கடைசி ஐந்து லாக்குகளைப் படித்துவிட்டுப் போங்கள், குழந்தையோடு போகும்போது கண்டிப்பாக.

அப்புறம், கடலைமிட்டாய் வேண்டாம். சாப்பாட்டுப் பொருள் எதுவும் டப்பாவுக்குள் வைக்கக் கூடாது என்பது விதி. பென்சில்வேனியாவில் கரடி உண்டு. ரக்கூன் எல்லா இடத்திலும் உண்டு, வாசனை பிடித்தால் மூடியையே கடித்துக் கிழித்துவிடும்.

---

பைன்காட்டுவாசி

வணக்கம் தங்கச்சி. நான் ஸ்டேட் காலேஜில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வில்லியம்ஸ்போர்ட் எனக்கு ஒன்றேகால் மணி நேரம். அந்த நடைபாதையில் எத்தனை முறை நடந்தேன் என்று கணக்கில்லை. உங்கள் அப்பா கேட்ட கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அவர் நின்று பார்த்த அந்த ஆறு ஒரு காலத்தில் தண்ணீரே தெரியாமல் கட்டையாக இருந்தது. மேலே மலைகளில் வெள்ளைப் பைனும் ஹெம்லாக்கும். குளிர்காலம் முழுக்க வெட்டிச் சின்ன ஓடைகளின் கரையில் அடுக்குவார்கள். ஓடைகளில் மரத்தாலேயே சிறு அணைகள் கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்து, பனி உருகும் வசந்த காலத்தில் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். கட்டைகள் அந்த வெள்ளத்தோடு ஆற்றுக்கு வந்து சேரும். கூடவே ஆணி வைத்த பூட்ஸ் போட்ட ஆட்கள். அவர்களுக்குப் பென்சில்வேனியாவில் வுட்ஹிக் என்று பெயர். பின்னாலேயே மிதக்கும் வீடுகள் வரும், ஒன்றில் சமையல், ஒன்றில் படுக்கை, ஒன்றில் குதிரைகள்.

கீழே வில்லியம்ஸ்போர்ட்டில் இவற்றைப் பிடிக்கத்தான் அந்தத் தடுப்பு. பூம் என்பார்கள். 1846இல் உரிமம் வாங்கி, 1851இல் வேலைக்கு வந்தது. டூபாய்ஸ்டவுனில் தொடங்கி லிண்டன் வரை ஆற்றில் ஏழு மைல் நீளம். ஆற்றுக்குள் 352 மேடைகள். மரச்சட்டங்களைப் பெட்டி போல அடுக்கி உள்ளே கல் நிரப்பியது, ஒவ்வொன்றும் 22 அடி உயரம். மேடைக்கு மேடை மிதக்கும் மரங்களைச் சங்கிலியால் கோத்திருந்தார்கள். கீழ்முனையில் ஒரு குறுகிய வழி. அங்கே ஆட்கள் நின்று ஒவ்வொரு கட்டையின் முனையில் இருக்கும் முத்திரையைப் பார்த்து, அந்தந்த ஆலையின் குட்டைக்குத் தள்ளிவிடுவார்கள். உங்கள் அப்பா பதிவேட்டில் செய்த அதே வேலை, தண்ணீரில் நின்றுகொண்டு.

1889 ஜூன் 1ஆம் தேதி வந்த வெள்ளத்தில் பூம் உடைந்தது. ஜான்ஸ்டவுனை அழித்த அதே மழைதான். கட்டைகள் செசபீக் விரிகுடா வரை போயின. திரும்பக் கட்டினார்கள், ஆனால் மலையில் மரம் தீர்ந்துகொண்டிருந்தது. 1909இல் பூமையே பிரித்துவிட்டார்கள். தென்கரையில் பச்சையாக நிற்கிறதே பால்ட் ஈகிள் மலை, அதில் இப்போது நீங்கள் பார்ப்பதெல்லாம் அதன் பிறகு முளைத்த காடு.

இப்போது உங்கள் கேச். நான் சொல்வது இதுதான்: அதை லெட்டர்பாக்ஸ் ஹைப்ரிட் ஆக்குங்கள். சாதாரண கேச்சில் வந்தவர்கள் பெயர் எழுதும் லாக் புக் மட்டும் இருந்தால் போதும். இந்த வகையில் டப்பாவுக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்க வேண்டும், அது டப்பாவை விட்டுப் போகக் கூடாது. வருகிறவர்கள் தங்கள் நோட்டில் அதை ஒற்றிக்கொண்டு போவார்கள். இங்கிலாந்தில் டார்ட்மூர் மேட்டில் 1854இல் ஒரு வழிகாட்டி வைத்த பாட்டிலில் இருந்து வந்த பழக்கம். ஜியோகேச்சிங்குக்கு அது பாட்டன். 2000 மே மாதம் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்த அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ ஆரெகனில் முதல் டப்பாவை வைத்தார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது லெட்டர்பாக்ஸ்.

கட்டை முத்திரையின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வகை கிடையாது. முத்திரையை மகள் வரையட்டும். அப்பா செதுக்கட்டும். பழைய கம்பெனி ஒன்றின் அடையாளத்தைப் பிரதி எடுக்க வேண்டாம், உங்கள் குடும்பத்துக்கென்று ஒன்று செய்யுங்கள். அந்தக் கம்பெனிகளும் அப்படித்தான் எழுத்து, நட்சத்திரம், வட்டம் என்று எளிமையாக வைத்துக்கொண்டார்கள். ஈர மரத்தில் ஒரே அடியில் பதிய வேண்டும் இல்லையா, கோடு குறைவாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். விவரப் பக்கத்தில் கோடீஸ்வரர்களைப் பற்றி மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஊரின் மேற்கு நாலாம் தெருவில் மர முதலாளிகளின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. ஹைஸ்கூல் விளையாட்டு அணிக்கே மில்லியனர்ஸ் என்றுதான் பெயர். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் 1872இல் ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு மணி நேர வேலையைப் பத்தாகக் குறைக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து மணி நேரம் தரவில்லையென்றால் மரத்தூளே விழாது என்றார்கள். மரத்தூள் போர் என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது. மாகாணப் படையை இறக்கினார்கள், தலைவர்களைச் சிறையில் போட்டார்கள், பிறகு ஆளுநர் மன்னிப்புக் கொடுத்தார். வேலைநிறுத்தம் தோற்றது. தேடலின் ஒரு கட்டமாவது அவர்களுக்காக இருக்கட்டும்.

---

டப்பாதேடி

கதை அருமை அண்ணா. ஆனால் இவர்கள் இருப்பது மூன்று மணி நேர தூரத்தில். கேச்சைச் சரிபார்த்து வெளியிடும் ரிவ்யூவர் முதலில் கேட்பதே அதுதான்: டப்பா நனைந்தால், தொலைந்தால் யார் போய்ப் பார்ப்பது? பதில் இல்லையென்றால் வெளியிட மாட்டார். இவர்கள் தேடிய அந்த மல்டிக்கும் அதே கதிதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் எங்கோ இருந்திருப்பார்.

இன்னொன்று, அது நடைபாதை மட்டுமில்லை, வெள்ளக்கரை. 1936 வெள்ளத்துக்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை கட்டியது. 1972இல் ஆக்னஸ் புயல் வந்தபோது ஊரைக் காப்பாற்றியதே அதுதான். கரையில் ஒரு கல்லைக்கூடப் புரட்டக் கூடாது. எந்த கேச்சுக்கும் குழி தோண்டக் கூடாது என்பது பொது விதி. கரைக்கு அது இரண்டு மடங்கு.

---

பைன்காட்டுவாசி

சரியாகச் சொன்னீர்கள், நானே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் கரையின் மேல் டப்பாவே வேண்டாம் என்பேன். கரையில் வரும் கட்டங்களெல்லாம் பலகையைப் படித்து எண் எடுப்பதாக மட்டும் இருக்கட்டும். அப்படிப்பட்ட கட்டங்களுக்கு, ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியும் கிடையாது. பொருள் இருக்கும் இடங்களுக்கு மட்டும்தான் அந்த விதி. கடைசி டப்பாவை ஊருக்குள் யாராவது அனுமதி தரும் இடத்தில் வையுங்கள். மற்றவர்களின் மல்டி, புதிர் கேச்களின் கடைசி இடங்கள் வரைபடத்தில் தெரியாது. அதனால் இடம் முடிவானதும் ரிவ்யூவருக்கு எழுதி அந்த இடம் காலியா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் செய்து முடித்த பிறகு பத்து மீட்டர் குறைகிறது என்பார்கள்.

பாலத்துக்கு அடியில் எந்தக் கட்டமும் வேண்டாம். இரும்பில் பட்டு சிக்னல் சிதறும், போன் உங்களை ஆற்றின் நடுவில் காட்டும். ஹெப்பர்ன் தெரு அணைப் பக்கம் தண்ணீர் ஓரத்துக்கு யாரையும் இறக்கிவிடாதீர்கள். உயரம் குறைந்த அணைதான், பார்க்க அமைதியாக இருக்கும், விழுந்தவரை அடியில் சுழற்றிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் வருவார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஜிபிஎஸ்ஸில் இடத்தை அளக்கும்போது ஒரு முறை எடுத்ததை நம்ப வேண்டாம். அட்ச, தீர்க்கரேகை எண்ணின் கடைசி இலக்கம் (நிமிடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒன்று மாறினால் வடக்கு தெற்கில் 1.85 மீட்டர் நகரும், அந்த ஊர் இருக்கும் அட்சரேகையில் கிழக்கு மேற்கில் சுமார் 1.4 மீட்டர். இரண்டு இலக்கம் தவறினாலே தேடுகிறவர் பக்கத்துப் புதருக்குப் போய்விடுவார். புதர் என்றால் விஷப்படர்கொடி, மூன்று இலைக் கொடி, தொட்டால் ஒரு வாரத்துக்கு அரிப்பு. உண்ணியும் உண்டு. இந்த மாகாணத்தில் லைம் நோய் அதிகம், வீட்டுக்குப் போனதும் மகளின் முழங்காலுக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் பார்த்துவிடுங்கள்.

டப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் நான் இருக்கிறேன். கேச்சின் விவரப் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். மாதம் ஒரு முறை எப்படியும் அந்தப் பக்கம் போகிறேன்.

---

செங்கோட்டைப்பெண்

அண்ணா, இதைப் படித்து அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கல்லு மேடை ஒண்ணாவது மிச்சம் இருக்குமா?"

---

பைன்காட்டுவாசி

இருக்கிறது! தண்ணீர் குறைவான நாளில் போனால் ஆற்றுக்குள் சின்னத் தீவு மாதிரி கல்மேடுகள் தெரியும். நடைபாதையில் இருந்து இல்லை, கொஞ்சம் மேலே, ஆற்றின் எதிர்த்திசையில் சஸ்குவஹானா ஸ்டேட் பார்க் பக்கம் போக வேண்டும். செப்டம்பர் நல்ல மாதம். மழை பெய்யாத வாரமாகப் பாருங்கள்.

நேரம் இருந்தால் இன்னும் பதினைந்து மைல் மேற்கே ஜெர்சி ஷோர் என்று ஓர் ஊர். கடலே கிடையாது, பெயர் மட்டும் அப்படி. அங்கிருந்து பைன் கிரீக் ஓரமாகப் பழைய ரயில்பாதையை 62 மைல் நடைபாதையாக மாற்றியிருக்கிறார்கள். மரத்தொழிலின் மேல்பாதிக் கதை அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.

---

செங்கோட்டைப்பெண்

போய் வந்தோம். இரண்டு வாரமாக மழை இல்லை. கல்மேடுகள் தெரிந்தன. மூன்றைத் தெளிவாகப் பார்த்தோம், நான்காவது வெறும் கொக்கு நிற்கும் அளவு. மேலே புல்லும் செடியும் முளைத்திருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பா கரையில் உட்கார்ந்து மகளுக்கு அங்கே என்ன நடந்திருக்கும் என்று விளக்கினார். எந்தப் பலகையிலும் இல்லாததெல்லாம் சொன்னார்: நனைந்த தடி எப்படி உருளும், எந்தப் பக்கம் நின்றால் கால் மாட்டும், முனையில் முத்திரை தேய்ந்துபோனால் என்ன சண்டை வரும். அவர் செய்த மரத்தொழில் வேறு, மலை வேறு. ஆனால் கட்டை கட்டைதான் என்றார்.

முத்திரை தயார். மகள் வரைந்தது ஒரு வட்டத்துக்குள் "செ". செங்கோட்டைக்குத்தான். அப்பா ஒரு பெரிய ரப்பர் அழிப்பானில் பிளேடால் செதுக்கினார். எழுத்தைத் திருப்பிச் செதுக்க வேண்டும் என்று மறந்து முதல் ரப்பர் வீணானது, இரண்டாவது நன்றாக வந்திருக்கிறது. கடலைமிட்டாய்க்குப் பதிலாக மகள் பத்து மரவில்லைகள் செய்து, ஒவ்வொன்றிலும் அதே முத்திரையைக் குத்தி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

கட்டங்கள் நான்கு. முதல் மூன்றும் கரைப் பலகைகள். நான்காவது டப்பா, நடைபாதையில் இருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிட ஓரம். அங்கே வரிசையாக ஹெம்லாக் மரங்கள். நேரில் போய்க் கேட்டோம், சந்தோஷமாகச் சரி என்றார்கள். எழுதியும் கொடுத்தார்கள். தொழிலாளர்களின் 1872 கதையை மூன்றாம் கட்டத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியாக அப்பாவுக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் ஆங்கிலத்தில் போட்டேன். கீழே தமிழிலும் இருக்கிறது.

ரிவ்யூவர் நேற்று எழுதியிருக்கிறார். எல்லாம் சரியாம், பராமரிப்புக்கு உங்கள் பெயரையும் ஏற்றுக்கொண்டார். ஒரே சந்தேகம்: இரண்டாம் கட்டத்தின் அளவு பலகையில் இருந்து எட்டு மீட்டர் தள்ளிக் காட்டுகிறதாம். நான் ஒரு முறைதான் எடுத்தேன், அதுவும் மேகமூட்டமான நாள். அப்பா வியாழக்கிழமை கிளம்புகிறார், அதற்குள் எங்களால் போக முடியாது. டப்பா ஏற்கனவே மரத்தடியில் இருக்கிறது. உங்களால் முடியுமா அண்ணா?

---

டப்பாதேடி

மேகத்தால் அவ்வளவு வித்தியாசம் வராது. பலகைக்குப் பக்கத்தில் பெரிய விளக்குக் கம்பமோ பாலமோ இருந்ததா? அதுதான் காரணமாக இருக்கும்.

---

செங்கோட்டைப்பெண்

பாலம்! பாலத்தை ஒட்டித்தான் அந்தப் பலகை. அண்ணா சொல்லியும் கவனிக்கவில்லை.

---

பைன்காட்டுவாசி

பரவாயில்லை. பலகை அசையப் போவதில்லை, வருகிறவர்கள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள். ஆனாலும் சரியாக இருக்கட்டும். நாளை காலை போகிறேன். பாலத்தில் இருந்து விலகி நின்று ஒன்று, பலகைக்கு முன்னால் மூன்று, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மூன்று எடுத்துச் சராசரி போட்டு உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். இங்கே போட்டால் தேடுகிறவர்களுக்குக் கெட்டுவிடும்.

டப்பாவில் பேனா வைத்திருந்தால் எடுத்துவிட்டுப் பென்சில் வைக்கிறேன், டிசம்பரில் மை உறைந்துவிடும். நனையாத தாளில் ஒரு லாக் புக்கும் கொண்டுபோகிறேன். முதல் பக்கத்தைக் காலியாக விடவா, அல்லது அப்பாவின் முத்திரையை அதில் ஒற்றி வைக்கவா?

---

செங்கோட்டைப்பெண்

ஒற்றி வையுங்கள் அண்ணா. தாளின் நடுவில் வேண்டாம், வலது முனையில். அங்கேதான் அடிப்பார்களாம்.